ஈறு நோய்க்கு எந்தச் சிகிச்சை: டீப் க்ளீனிங்கா, ஃப்ளாப் சர்ஜரியா, லேசரா?

பல் விளக்கும்போது ரத்தம் வருகிறது, கீழ் முன்பல் லேசாக ஆடுகிறது என்று போய் நின்றால், ஒரு கிளினிக்கில் "சும்மா ஒரு க்ளீனிங் பண்ணிக்கலாம்" என்பார்கள். அடுத்ததில் "நாலு பக்கமும் டீப் க்ளீனிங் பண்ணணும்" என்பார்கள். மூன்றாவது இடத்தில் லேசர், நான்காவது இடத்தில் ஈறைத் திறந்து செய்யும் ஃப்ளாப் சர்ஜரி. நான்குக்கும் விலையில் பெரிய வித்தியாசம், வலியிலும்தான். இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே வாயில் ஒரு பல்லுக்கு முதலாவது போதும், இன்னொன்றுக்கு நான்காவது தேவைப்படும். ஆகவே சிகிச்சையின் பெயரை எடைபோடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது: எந்தப் பல்லில், எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர்?

முதலில் அளவு

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இயல்பாகவே ஒரு சிறு பள்ளம் உண்டு. நல்ல ஈறில் அதன் ஆழம் 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். கிருமிப் படலம் அங்கே தங்கினால் ஈறு வீங்கும், தொட்டால் ரத்தம் வரும். இது முதல் கட்டம். எலும்பு இன்னும் தப்பித்திருக்கிறது, ஒழுங்காகச் சுத்தம் செய்தால் முழுவதும் பழைய நிலைக்கு வந்துவிடும். அடுத்த கட்டத்தில் பல்லை எலும்போடு கட்டிவைத்திருக்கும் நார்கள் அழிந்து, எலும்பு கரைந்து, பள்ளம் ஆழமாகிறது. அதைத்தான் பாக்கெட் என்கிறார்கள். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. சிகிச்சையின் இலக்கு இருப்பதைக் காப்பாற்றுவது.

அளப்பதற்குப் பயன்படுவது ப்ரோப் என்ற கருவி: நுனி மழுங்கிய, மி.மீ. கோடு போட்ட மெல்லிய கம்பி. சுமார் 25 கிராம் அழுத்தத்தில் ஈறோரமாக இறக்கி, தூக்காமல் பல்லைச் சுற்றி நடத்திக்கொண்டு போக வேண்டும். ஒரு பல்லுக்கு ஆறு இடம்: கன்னப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் மூன்று. மருத்துவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதுவார்: "நாற்பத்தாறு. மூணு, ரெண்டு, ஏழு, ரத்தம்." நாற்பத்தாறு என்பது கீழ்த்தாடை வலப்பக்கத்து முதல் கடைவாய்ப்பல். அதன் முன்பக்கமும் நடுவும் நன்றாக இருக்கிறது, பின்பக்கம் மட்டும் 7 மி.மீ. உள்ளே போயிருக்கிறது. 28 பல் இருந்தால் 168 அளவுகள். இந்தத் தாளில்லாமல் "உங்களுக்கு ஃப்ளாப் தேவை" என்றாலும் சரி, "தேவையில்லை" என்றாலும் சரி, அது ஊகம்தான். ரத்தம் வரும் இடங்கள், ஈறு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது, பல் எவ்வளவு ஆடுகிறது, கடைவாய்ப்பல்லின் வேர்கள் பிரியும் கவட்டைக்குள் ப்ரோப் நுழைகிறதா என்பவையும் அதே தாளில் இருக்க வேண்டும்.

ஆழத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. ஈறு 2 மி.மீ. இறங்கி, பாக்கெட் 4 மி.மீ. இருந்தால் பல் இழந்த பிடிப்பு மொத்தம் 6 மி.மீ. ஈறு இறங்காமல் பாக்கெட் 5 என்றால், ஆழம் அதிகமாகத் தெரிந்தாலும் இழப்பு முந்தையதைவிடக் குறைவு. எக்ஸ்ரேயிலும் இப்படித்தான்: முழுத்தாடையையும் காட்டும் ஓபிஜி படம் பொதுவான நிலவரத்துக்கு உதவும், ஆழமான பாக்கெட் இருக்கும் பற்களுக்குத் தனித்தனிச் சின்னப் படம் எடுத்தால்தான் எலும்பு சமமாகக் குறைந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் குழி பறித்திருக்கிறதா என்று தெரியும். அறுவைச் சிகிச்சையில் என்ன செய்யலாம் என்பதை அந்தக் குழியின் வடிவம்தான் தீர்மானிக்கும்.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிகோடின் ஈறின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. "ரத்தமே வர்றதில்லையே" என்று அவர்கள் நிம்மதியாக இருக்கும்போதுதான் எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

எல்லோருக்கும் ஒரே வேகத்தில் இது நடப்பதில்லை. இதற்கு மிகத் தெளிவான சான்று இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் கிடைத்தது. பல் துலக்கும் பழக்கமோ பல் மருத்துவ வசதியோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் ஈறுநோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு தொடர்ந்து அளந்தது. முடிவு 1986இல் வெளியானது. எல்லோருடைய பல்லிலும் அழுக்கும், அது கெட்டியாகிப் படிந்த காரையும் இருந்தன, எல்லோருடைய ஈறும் வீங்கியிருந்தது. ஆனாலும் 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறைத் தாண்டி எலும்புக்குப் போகவே இல்லை. 81 சதவீதம் பேருக்கு நடுத்தர வேகம். 8 சதவீதம் பேருக்குப் படுவேகம்: 45 வயதில் அவர்களின் சராசரிப் பிடிப்பு இழப்பு சுமார் 13 மி.மீ., நடுத்தரக் கூட்டத்துக்கோ 7 மி.மீ. "எங்கப்பா செங்கல் தூளில் தேய்த்தே எண்பது வயது வரை முறுக்கு கடித்தார்" என்பது அந்த 11 சதவீதத்தின் கதையாக இருக்கலாம். நீங்கள் எந்தக் கூட்டம் என்பது உங்கள் அளவுத்தாளில்தான் தெரியும்.

அறிக்கையில் "ஸ்டேஜ் 3, கிரேடு சி" என்று போட்டிருந்தால் பயப்படாமல் இப்படிப் படியுங்கள். 2018இல் வந்த வகைப்பாட்டில் ஸ்டேஜ் 1 முதல் 4 வரை, இதுவரை எவ்வளவு சேதம் என்பதைச் சொல்லும். பிடிப்பு இழப்பு 5 மி.மீ.யைத் தொட்டாலே மூன்றாம் ஸ்டேஜ். கிரேடு ஏ, பி, சி என்பது இனி எவ்வளவு வேகமாகப் போகும் என்பது. ஒரு நாளைக்கு 10 சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்தாலும், சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7 சதவீதத்தைத் தொட்டாலும் நேராக கிரேடு சி.

சாதாரண க்ளீனிங்

ஸ்கேலிங் என்று பொதுவாகச் சொல்வது ஈறு விளிம்புக்கு மேலேயும் அதை ஒட்டிச் சற்றுக் கீழேயும் படிந்த காரையை அல்ட்ராசோனிக் நுனியால் உடைத்து எடுப்பது. நுனி நொடிக்கு 25,000 தடவைக்கு மேல் அதிரும், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். ஊசி தேவையில்லை, பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

பாக்கெட் எல்லாமே 3 மி.மீ.க்குள், ரத்தம் மட்டும் வருகிறது, எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருக்கிறது என்றால் இதுவே முழுச் சிகிச்சை. வீட்டில் துலக்கும் முறையையும் திருத்திக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் நின்றுவிடும். அதற்கு மேல் விற்கப்படும் எதையும் மறுத்துவிடலாம்.

பாக்கெட் 5, 6 மி.மீ. இருப்பவருக்கு ஆண்டுதோறும் இதையே செய்துகொண்டிருப்பதுதான் நடைமுறையில் அதிகம் காணும் தவறு. மேலே பளிச்சென்று இருக்கும், ஈறின் விளிம்பு இறுகி ரத்தமும் குறையும், நோயாளிக்கும் திருப்தி. அடியில் வேரோடு ஒட்டிய கறுப்புக் காரை அப்படியே கிடக்கும். நாலைந்து ஆண்டு கழித்துப் பல் ஆடும்போது "வருஷா வருஷம் க்ளீன் பண்ணினேனே" என்ற கேள்வி வரும்.

"க்ளீன் பண்ணினால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்ற பயம் ஊர் முழுக்க உண்டு. அதில் பாதி உண்மை. எலும்பு ஏற்கெனவே போய்விட்ட பல்லைச் சுற்றிக் காரை கட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் பல்லின் உண்மையான ஆட்டமும், ஈறு இறங்கியதால் ஏற்பட்ட இடைவெளியும் வெளியே தெரியும். ஆட்டத்தைக் கொடுத்தது எலும்பு இழப்பு. காரையை விட்டுவைத்தால் அந்த இழப்பு தொடரும்.

டீப் க்ளீனிங்

ஈறுக்கு அடியில் வேர்ப்பரப்பு வரை போய்ச் சுத்தம் செய்வது. ஸ்கேலிங் அண்ட் ரூட் பிளானிங் என்று பில்லில் இருக்கும். 4 மி.மீ.க்கும் மேல் பாக்கெட் உள்ள எல்லோருக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்; நாளைக்கு ஃப்ளாப் போகப்போகிறவரும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, மரத்துப்போகும் லிக்னோகெயின் ஊசி போட்டு, ஒரு பகுதிக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணிநேரம் ஒதுக்க வேண்டும். முதலில் நுனி மெலிந்த அல்ட்ராசோனிக், பிறகு க்யூரெட் என்ற, கையால் பிடித்துச் சுரண்டும் கருவி. கிரேசி க்யூரெட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எண் உண்டு: கடைவாய்ப்பல்லின் முன்பக்கத்துக்கு 11/12, பின்பக்கத்துக்கு 13/14, முன்பற்களுக்கு 1/2 போன்றவை. நான்கு பகுதியையும் அரைமணியில், ஊசி இல்லாமல், ஒரே அல்ட்ராசோனிக் நுனியால் முடித்துவிட்டு "டீப் க்ளீனிங்" என்று பில் போட்டால், நடந்தது சாதாரண க்ளீனிங்தான். ஒவ்வொரு பகுதியாக நான்கு வருகையில் செய்வதா, ஒரே நாளில் முழுவாயையும் முடிப்பதா என்பதில் பலன் ஏறக்குறைய ஒன்றே. தொலைவிலிருந்து வருபவருக்கு ஒரே நாள் வசதி. இதய நோயாளிக்கும் முதியவருக்கும் பிரித்துச் செய்வது நல்லது.

என்ன பலன் எதிர்பார்க்கலாம்? 4 முதல் 6 மி.மீ. பாக்கெட் சராசரியாக 1.3 மி.மீ. குறையும். 7 மி.மீ.க்கு மேல் இருந்தால் 2 மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் குறையும். இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 5 இருந்த இடம் 4க்குள் வந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது. 8 இருந்த இடம் 6இல் வந்து நிற்கும். அங்கே இன்னும் வேலை பாக்கி. ஆழம் கூடும்போது கண்ணுக்குத் தெரியாமல் தடவித் தடவிச் செய்யும் வேலை என்பதால் கருவி எல்லா இடத்தையும் தொடுவதில்லை. ஈறைத் திறக்காமல் க்யூரெட் முழுமையாகச் சுத்தம் செய்த ஆழம் சராசரியாக 3.7 மி.மீ. தான் என்று 1981இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது.

செய்த பிறகு நடப்பவற்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். வீக்கம் வடிவதால் ஈறு சுருங்கும், பல் நீளமாகத் தெரியும், பல்லிடுக்கில் கறுப்பு முக்கோணம் விழும், குளிர்ந்த தண்ணீர் கூசும். கூச்சம் பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். கூச்சத்துக்கான பேஸ்ட்டைப் பூசிவிட்டு வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் துப்பினால் போதும். முன்பல்லின் அழகு முக்கியம் என்றால் இதைச் சிகிச்சைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கழன்றுவிடுகிறார்கள். டீப் க்ளீனிங் முடிந்து ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் 168 இடங்களையும் மறுபடி அளக்க வேண்டும். அதற்கு முன்னால் அளந்தால் ஆறிக்கொண்டிருக்கும் திசுவைக் குத்துவதாகும், எண்ணும் நம்பகமாக இருக்காது. மறுஅளவு செய்யாத டீப் க்ளீனிங், பரிசோதனை எடுக்காமல் முடித்துக்கொண்ட மருந்து கோர்ஸ் மாதிரி: பலித்ததா என்று யாருக்கும் தெரியாது. 4 மி.மீ.க்குள் வந்து ரத்தமும் நின்ற இடங்களுக்கு இனிப் பராமரிப்பு மட்டும். 4 மி.மீ.இல் ரத்தம் நிற்காத இடங்களுக்கும் 5 மி.மீ.இல் நிற்கும் இடங்களுக்கும் மறுபடி ஒருமுறை அடியில் சுத்தம். 6 மி.மீ.யும் அதற்கு மேலும் நின்றால் அப்போதுதான் ஃப்ளாப் பற்றிய பேச்சு. முதல் வருகையிலேயே "முழுவாய்க்கும் ஃப்ளாப்" என்று தேதி கொடுத்தால், மறுஅளவு எப்போது என்று கேளுங்கள்.

ஃப்ளாப் சர்ஜரி

மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறை விளிம்பில் கீறி, எலும்பு தெரியும்வரை ஒரு மடிப்பாகத் தூக்கி, கண்ணால் பார்த்துக் காரையையும் அழுகிய திசுவையும் எடுத்து, ஈறைத் திரும்ப வைத்துத் தைப்பது. மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒரு பேக் வைப்பார்கள். ஏழு முதல் பத்து நாளில் தையல் பிரிப்பு. முதல் இரண்டு மூன்று நாள் வலி, வீக்கம். அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது என்பதால் கிருமிநாசினியான குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு. தையல் இருக்கும்போது முறுக்கு, நிலக்கடலை, கறி எலும்பு வேண்டாம்.

டீப் க்ளீனிங்கோடு வைத்துப் பார்த்தால் ஃப்ளாப்பின் பெரிய பலம், கண்ணால் பார்த்துச் செய்யலாம் என்பது. 6 மி.மீ.க்கு மேற்பட்ட பாக்கெட்டுகளில் ஈறைத் திறக்காமல் செய்தபோது சுமார் மூன்றில் ஒரு பங்கு வேர்ப்பரப்புகள்தான் காரையின்றி வந்தன. திறந்து செய்தபோது பாதி. திறந்தும் பாதிதானா என்று கேட்டால், ஆம். வேரின் வரிப்பள்ளங்களும் கவட்டையும் அவ்வளவு கடினம்.

எந்த ஆழத்தில் எது மேல் என்பதற்கும் எண் உண்டு. சுமார் 5.4 மி.மீ.க்கு மேல் போனால் பிடிப்பு மீள்வதில் ஃப்ளாப்புக்குச் சாதகம். அதற்குக் கீழே டீப் க்ளீனிங்குக்கே சாதகம். சுமார் 3 மி.மீ.க்கும் குறைந்த இடத்தில் வேரைச் சுரண்டினாலே இருக்கும் பிடிப்பிலும் கொஞ்சம் போகும். அதனால்தான் முழுவாய்க்கும் ஒரே சிகிச்சை என்ற பேக்கேஜ் மீது சந்தேகம் வர வேண்டும். நாற்பத்தாறாம் பல்லின் உதாரணத்தில் பின்பக்கத்துக்கு ஃப்ளாப் தேவைப்பட்டாலும், அதன் முன்பக்கத்தைச் சுரண்டக் காரணமே இல்லை.

எண் ஒரே மாதிரி இருந்தாலும் இடம் முடிவை மாற்றும். முன்பல்லுக்கு ஒற்றை வேர், கருவி எளிதில் போகும், ஈறு இறங்கினால் சிரிக்கும்போது தெரியும். அங்கே 6 மி.மீ. நின்றாலும் இன்னொரு முறை டீப் க்ளீனிங் செய்து பார்ப்பது நியாயம். கடைவாய்ப்பல்லில் அதே 6 மி.மீ.யும் கவட்டைக்குள் 3 மி.மீ.க்கு மேல் ப்ரோப் போகும் நிலையும் சேர்ந்தால் திறக்காமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது.

எலும்பு ஒரு பக்கம் மட்டும் குழியாக, 3 மி.மீ.யும் அதற்கு மேலும் ஆழமாக, சுற்றிலும் சுவரோடு இருந்தால் ஃப்ளாப்போடு எலும்புத்துகள், சவ்வு அல்லது வேரின் மேலுறையான பற்சிமெண்ட்டைத் தூண்டும் புரத ஜெல் வைத்து ஓரளவு எலும்பைத் திரும்பப் பெறலாம். மருத்துவர் "போன் கிராஃப்ட்" என்று சொன்னால் எந்தப் பல்லின் எந்தக் குழிக்கு என்று எக்ஸ்ரேயில் காட்டச் சொல்லுங்கள். எலும்பு சமமட்டமாகக் குறைந்திருக்கும் இடத்தில் துகளை நிரப்பினால் அதைப் பிடித்து வைக்கச் சுவர் இல்லை, காசுதான் கரையும்.

புகைபிடிப்பவருக்கு ஃப்ளாப்பும் கிராஃப்ட்டும் கொடுக்கும் பலன் குறைவு. நிறுத்தத் தயாராக இல்லாதவருக்குக் கிராஃப்ட் வைப்பதை நல்ல மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். அதைவிட முக்கியமாக, பல்லில் அழுக்குப் படலம் அப்படியே இருக்கும் வாயில் ஃப்ளாப் செய்தால் செய்யாமல் இருந்ததைவிட மோசமாகலாம். துலக்கும் பழக்கம் சரியான பிறகே கத்தி எடுக்க வேண்டும்.

லேசர், ஆன்டிபயாடிக், சிப்

லேசர் என்ற சொல்லுக்கு விளம்பரத்தில் இருக்கும் மதிப்பு ஆய்வுகளில் இல்லை. பல கிளினிக்குகளில் இருப்பது 810 முதல் 980 நானோமீட்டர் டயோடு லேசர். அது மென்திசுவை வெட்டும், ரத்தத்தை நிறுத்தும், காரையை எடுக்காது. எர்பியம் லேசர் காரையை எடுக்கும், ஆனால் க்யூரெட்டைவிடத் தெளிவாக மேல் என்று நிரூபணமாகவில்லை. ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி, டீப் க்ளீனிங்கோடு கூடுதலாக லேசர் வேண்டாம் என்றே சொல்கிறது. டீப் க்ளீனிங்கும் மறுஅளவும் கிடைத்து, லேசருக்குத் தனிக் கட்டணம் இல்லை என்றால் சண்டை போட வேண்டியதில்லை. டீப் க்ளீனிங்குக்குப் பதிலாக லேசர் என்றால் வேண்டாம்.

ஆன்டிபயாடிக்கும் இப்படித்தான். பாக்கெட்டுக்குள் கிருமிகள் படலமாக ஒட்டி வாழ்கின்றன. மாத்திரை அந்தப் படலத்தைத் துளைப்பது கடினம். ஈறு வலிக்கிறது என்று மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் வாங்கி நாலு நாள் போட்டால் வீக்கம் வடியும், காரை அங்கேயே இருக்கும், மாதம் திரும்பினால் மறுபடி வீங்கும். இளம் வயதிலேயே வேகமாக எலும்பு கரையும் சிலருக்கு மட்டும், டீப் க்ளீனிங்கோடு சேர்த்து அமாக்ஸிசிலின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி., நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்ற கூட்டுமுறை பலன் தரும். அதையும் மருத்துவர் எழுதித்தான் எடுக்க வேண்டும். மெட்ரோனிடசோல், ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் வார்ஃபரின் மருந்தின் வீரியத்தைக் கூட்டி ரத்தக்கசிவை உண்டாக்கலாம். அந்த நாட்களில் மது தொடக்கூடாது. பென்சிலின் அலர்ஜி உள்ளவர்களுக்கு அமாக்ஸிசிலின் ஆகாது.

பாக்கெட்டுக்குள் செருகும் குளோர்ஹெக்சிடின் சிப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. டீப் க்ளீனிங்குக்குப் பிறகும் ஒன்றிரண்டு இடம் மட்டும் 5 மி.மீ.இல் பிடிவாதமாக நின்றால் வைத்துப் பார்க்கலாம். கூடுதல் பலன் சிறிது. இருபது இடங்களுக்கு வைப்பது பண விரயம்.

கொப்பளிப்பும் நாட்டு வழிகளும்

குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. பேஸ்ட் போட்டுத் துலக்கிய உடனே கொப்பளித்தால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதைச் செயலிழக்கச் செய்யும். அரைமணி இடைவெளி விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை, நாக்கில் சுவை மாற்றம். அந்த நாட்களில் காபி, டீ, வெற்றிலை கறையைக் கூட்டும். எந்தக் கொப்பளிப்பு நீரும் பாக்கெட்டின் அடிக்குப் போகாது. இது நல்லெண்ணெய்க் கொப்பளிப்புக்கும் பொருந்தும்: மேலோட்டமான படலமும் ஈறு வீக்கமும் ஓரளவு குறையலாம், 6 மி.மீ. பாக்கெட்டை அது தொடுவதில்லை. வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் புண் ஆறுவதற்கு இதம். அவ்வளவே.

ஆலும் வேலும் பல்லுக்குறுதிதான். மென்று நார் பிரித்த குச்சி வெளிப்பரப்பை நன்றாகத் தேய்க்கும். நாக்குப் பக்கமும் பல்லிடுக்கும்தான் அதற்கு எட்டாது, ஈறு நோய் தொடங்குவதும் பெரும்பாலும் பல்லிடுக்கில். கரித்தூள், செங்கல் தூள், கரகரப்பான பல்பொடி ஆகியவை ஈறு இறங்கி வெளிப்பட்ட வேரை அரித்துவிடும்.

வீட்டில் உண்மையாக வித்தியாசம் காட்டுவது இடுக்கு பிரஷ்: கம்பியைச் சுற்றி முடி வைத்த, பல்லிடுக்கில் நுழைக்கும் சின்ன பிரஷ். எலும்பு குறைந்து இடைவெளி விழுந்த வாயில் பல்லிடுக்கு நூலைவிட (ஃப்ளாஸ்) இதுவே மேல். வேரின் உட்குழிவை நூல் தாண்டிப்போகும், பிரஷின் முடி நிரப்பும். கம்பி பல்லில் உரசாமலும் முடி லேசாகத் தடுக்கப்பட்டும் நுழைய வேண்டும். காற்றாகப் போய்வந்தால் சிறியது, வளைந்தால் பெரியது. பலருக்கு முன்பல்லுக்கு ஒன்று, கடைவாய்க்கு ஒன்று என்று இரண்டு அளவு தேவைப்படும். இரவில் துலக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு இடுக்கிலும் இரண்டு மூன்று தடவை. முதல் வாரம் ரத்தம் வரும். பயந்து நிறுத்தினால் தொடரும், தொடர்ந்து செய்தால் நிற்கும். சாதாரண பிரஷ் மென்முடியாக, ஈறு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவில், இரண்டு நிமிடம்.

முடிவை மாற்றும் உடல்நிலைகள்

சர்க்கரை நோயும் ஈறு நோயும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். ஈறைச் சரிசெய்த மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவு இறங்குகிறது. மறுபக்கம், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு டீப் க்ளீனிங்கைத் தள்ளிப்போட வேண்டாம், ஃப்ளாப்பைத் தள்ளிப்போடுங்கள். காலை அமர்வு, வழக்கமான சாப்பாடு, வழக்கமான மாத்திரை. வெறும் வயிற்றில் போகக்கூடாது.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுப்பவர்களில் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். வலிப்புக்கான பெனிடாயினும், மாற்று உறுப்பு பெற்றவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரினும் இதையே செய்யும். இங்கே ப்ரோப் 6 மி.மீ. காட்டினாலும் எலும்பு இழப்பே இல்லாமல் இருக்கலாம். ஈறு மேலே வளர்ந்ததுதான் ஆழம். மாத்திரை எழுதிய மருத்துவரிடம் மாற்று மருந்து கேட்டுப் பார்த்து, க்ளீனிங் செய்து, சில மாதம் பொறுத்த பிறகே மிச்சமிருக்கும் தடித்த ஈறை வெட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவர்களுக்கும் அதே சொல்: க்ளீனிங்குக்காக நிறுத்தினால் அடைப்பு அபாயம், நிறுத்தாவிட்டால் கொஞ்சம் அதிக ரத்தம், அதை அழுத்தி நிறுத்திவிடலாம். செயற்கை இதய வால்வு இருந்தால் முதல் வருகையிலேயே, ப்ரோப் வாய்க்குள் போவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அரைமணி முதல் ஒரு மணி முன்னதாக ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

கர்ப்பகாலத்தில் க்ளீனிங் கூடாது என்பது தவறு. நான்கு முதல் ஆறு மாதம் வசதியான காலம். ஃப்ளாப்பைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பல்லைக் காப்பதா, எடுப்பதா

பல் ஆடுகிறது என்பதற்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் 1 மி.மீ. வரை ஆடினால் முதல் நிலை, அதற்கு மேல் இரண்டாம் நிலை; வீக்கம் வடிந்ததும் இவை இரண்டும் பல நேரம் இறுகும். கீழ் முன்பற்களை உள்பக்கம் மெல்லிய கம்பியும் பல் அடைக்கும் காம்போசிட்டும் வைத்துக் கட்டிவிட்டால் ஆண்டுக்கணக்கில் கடிக்கலாம். அழுத்தினால் பல் மேலும் கீழும் போய்வரும் மூன்றாம் நிலை, எலும்பு வேர்நுனி வரை போனது, சீழ் திரும்பத் திரும்பக் கட்டுவது ஆகியவை சேர்ந்தால் எடுப்பதே நல்லது. விட்டுவைத்தால் பக்கத்துப் பல்லின் எலும்பும் போகலாம்.

"ஈறு சிகிச்சைக்குச் செலவழிப்பதற்கு இதை எடுத்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கலாமே" என்ற யோசனை இப்போது அதிகம் கேட்கிறது. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் சொத்தையாகாது, ஆனால் அதைச் சுற்றியும் இதே கிருமியால் எலும்பு கரையும். ஈறு நோயால் பல் இழந்தவர்களுக்கு அந்த அபாயம் மற்றவர்களைவிட அதிகம், வந்தபின் குணப்படுத்துவது இயற்கைப் பல்லைவிடக் கடினம். மிச்சப் பற்களின் பாக்கெட்டுகளைக் கட்டுக்குள் கொண்டுவராமல் இம்ப்ளான்ட் போடுவதாகச் சொன்னால் வேறு கருத்துக் கேளுங்கள்.

எங்கே போவது என்பதும் செலவைத் தீர்மானிக்கும். சாதாரண க்ளீனிங்கை எந்தப் பல் மருத்துவரும் செய்வார், 6 மி.மீ.க்கு மேல் பல இடம் இருந்தால், ஆட்டமும் கவட்டை பாதிப்பும் இருந்தால், ஈறு நோயில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்தவரிடம் போவது சரி. பல் மருத்துவக் கல்லூரிகளின் ஈறுநோய்ப் பிரிவில் முதுநிலை மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் குறைந்த செலவில் செய்வார்கள், அளவுத்தாளும் ஒழுங்காக இருக்கும். நேரமும் வருகைகளும் கூடும். தனியார் கிளினிக்கில் கட்டணம் கேட்கும்போது கால்பகுதிக் கணக்கா பல் கணக்கா, மறுஅளவு அதில் அடங்குமா, எக்ஸ்ரே தனியா என்று பிரித்துக் கேளுங்கள். அளவுத்தாளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டாவது கருத்துக்கு மறுபடி குத்திக்கொள்ள வேண்டாம்.

எந்தச் சிகிச்சையைத் தேர்ந்தாலும் அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு வருகையைச் செலவுக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த பாக்கெட்டில் கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஓராண்டு எல்லா இடமும் 4 மி.மீ.க்குள், ரத்தமின்றி நின்றால் ஆறு மாதமாக நீட்டலாம். சிகரெட்டும் சர்க்கரையும் இருந்தால் நீட்ட வேண்டாம். இடையில் ஈறில் திடீர் வீக்கம், சீழ், காய்ச்சல் வந்தால் அடுத்த தேதிவரை காத்திருக்காதீர்கள்; அன்றே போய்ச் சீழை வடித்துவிட வேண்டும்.